ஒரு மூட்டைக் கடலையும் ஒரு வான்கோழியும்

எங்கள் வீட்டுக்கு எண்ணெய் கால் லிட்டர் பாட்டிலில் வரும். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடிப் பாட்டில். கடைக்காரர் தகர டின்னிலிருந்து அளவுக் குவளையால் மொண்டு, புனல் வைத்து ஊற்றுவார். புனலில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டு பாட்டிலுக்குள் விழுகிறவரை நான் கடையை விட்டு நகரக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. எழுபதுகளின் கடைசியில், தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் ஊரில், பெரும்பாலான வீடுகளுக்கு எண்ணெய் அப்படித்தான் வந்தது.

இத்தனைக்கும் எங்கள் நிலத்தில் விளைந்ததே கடலைக்காய்தான். வானம் பார்த்த மேட்டு நிலம். ஆடிப் பட்டத்தில் விதைத்து, நாலாம் மாதம் பிடுங்கி, களத்தில் காய வைத்தால் மறு வாரமே மூட்டையாகி வண்டியேறிவிடும். விதைக்கென்று ஒரு மூட்டை மட்டும் பரண் ஏறும். எண்ணெய் ஆட்ட என்று கடலை ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. கடலை விளைவித்தவர்கள் எண்ணெயைக் கால் லிட்டர் கால் லிட்டராக விலைக்கு வாங்கினோம். போன டிசம்பரில் அதே வீட்டு வாசலில், ஒரே ஒரு பறவைக்காகப் பன்னிரண்டு லிட்டர் எண்ணெய் காய்ந்தது. இந்த இரண்டு காட்சிக்கும் நடுவே எங்கள் பண்டிகைச் சாப்பாடு எங்கெல்லாம் போய்வந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அன்று தீபாவளிக்கு ஒரு கோழி. வீட்டில் வளர்ந்த சேவல். முதல் நாள் இரவே கூடை போட்டுக் கவிழ்த்துவிடுவார்கள். விடியற்காலையில் அறுத்து, சுடுதண்ணீரில் முக்கி இறகு பிடுங்கி, மஞ்சள் பூசி, காய்ந்த ஓலைத் தீயில் வாட்டுவார் அப்பா. அந்த வாசனை தெருமுனையிலேயே தெரியும். வாட்டிய கோழி மறுபடி மஞ்சள் தண்ணீரில் குளித்து, அரிவாள்மனைக்கு வரும்போது முழுசாக இருக்கும். அது முழுசாக இருப்பது அத்தோடு சரி. விரல் அளவுத் துண்டுகளாகிச் சட்டிக்குள் போகும். மிளகாயும் தனியாவும் அம்மியில் மைய அரைத்துக் கரைத்த குழம்பு, அதில் பாதிச் சட்டி கத்திரிக்காயும் மொச்சையும். சாப்பிட உட்கார்ந்தால் பதினாறு பேர். ஈரல் வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு, தொடை வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு, கழுத்தும் முதுகும் அம்மாவுக்கு. மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு, களி உருண்டை நனையும் அளவுக்குக் குழம்பு. பதினாறு பேரும் கோழி சாப்பிட்டு எழுந்தோம் என்பதே உண்மை. குழம்பு என்ற ஏற்பாடு இல்லாமல் ஒரு சேவலால் அது முடியாது.

கோழியை முழுசாக எண்ணெயில் இறக்கிப் பொரிப்பது அன்றைக்கு யாருடைய நினைப்பிலும் வந்திருக்காது. கோழி ஒன்றுதான் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் எண்ணெய். வருடத்தில் ஒரே ஒரு முறை எங்கள் வீட்டில் சட்டி நிறைய எண்ணெய் காய்ந்தது. அது தீபாவளி நோன்புக்கு அதிரசம் சுடும் இரவு. மூன்று லிட்டர் எண்ணெய் சேர்க்க அம்மா ஆவணியிலிருந்தே காசு ஒதுக்கி வைப்பார். சுட்டு மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி ஒரு மாதம் தாளிப்புக்கு வைத்துக்கொள்வார். கசடு கலந்த கடைசி எண்ணெய் மாடவிளக்குக்கு.

அந்த அதிரச இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரப்போகிற வான்கோழிக்கு அதில்தான் பாடம் இருக்கிறது. அன்று பிள்ளைகள் யாரும் அடுப்படி நிலைப்படியைத் தாண்டக் கூடாது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து, பிறகு வெறுஞ்சட்டியாக அடுப்பில் வைத்து ஈரம் சுண்டவிட்ட பிறகுதான் எண்ணெய் ஊற்றுவார். ஊற்றுவதும் அரைச் சட்டிக்கு மேல் இல்லை. கரண்டி, சாரணி எல்லாம் துணியால் துடைத்தவை. தண்ணீர்ச் சொம்பு எட்டாத தூரத்தில் இருக்கும். கை கழுவி வந்தவர் முந்தானையில் துடைக்காமல் பக்கத்தில் வர முடியாது. சட்டியை மூடும் அளவுக்கு ஒரு பெரிய தட்டு சுவரில் சாய்த்து வைத்திருக்கும். அது எதற்கு என்று நான் கேட்டதில்லை. சட்டி இறங்கும்வரை அம்மா எழுந்திருக்க மாட்டார். வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் பதில் வரும். பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு இவற்றை அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

பிறகு எண்ணெயும் கோழியும் தனித்தனி வழியில் பெருகின. எண்பதுகளில் லகான் கோழியும், அதன் பின்னால் கறிக்கோழியும் ஊருக்குள் வந்தன. ஆறேழு வாரத்தில் இரண்டு கிலோ ஆகிவிடும் கோழி. பண்டிகைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை போதும் என்றாயிற்று. சென்னை புகாரி ஓட்டலில் 1965இல் தோன்றியதாகச் சொல்லப்படும் சிக்கன் 65, தொண்ணூறுகளில் தருமபுரி பேருந்து நிலையத்துத் தள்ளுவண்டிகளுக்கு வந்து சேர்ந்தது. எண்ணெயில் பொரித்த கறியை நான் முதலில் தின்றது அங்கேதான். வண்டிக்காரர் சட்டியில் காய்ந்த எண்ணெயின் நிறம் இப்போதும் நினைவிருக்கிறது. காலையில் ஊற்றியது இரவில் கறுத்துக் கிடக்கும்.

எண்ணெய்க்கு வந்த மாற்றம் இதைவிடப் பெரியது. 1994இல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. 2007இல் தமிழக ரேஷன் கடைகளில் சலுகை விலைப் பாமாயில் வந்தது. இன்றும் அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாக்கெட் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சூரியகாந்தி எண்ணெய் வண்ணப் பாக்கெட்டில் வந்தது. கால் லிட்டர் பாட்டில் காணாமல் போய், ஐந்து லிட்டர் கேன் அலமாரிக்கு வந்தது. இந்தியா தனக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது என்பதை அந்தக் கேனைத் தூக்கும்போது யாரும் நினைப்பதில்லை. எங்கள் ஊரிலோ கடலை போட்ட மேட்டு நிலங்கள் பலவற்றில் இன்று மாவும் மரவள்ளியும் நிற்கின்றன. என் வயல் உட்பட. ஏழை வீட்டுச் சட்டியிலும் எண்ணெய் தாராளமாக இருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். புனலின் கடைசிச் சொட்டுக்காகக் காத்து நின்றவன் அதைக் குறை சொல்லக் கூடாது. என்னுடைய வருத்தம், எண்ணெய் வந்த வேகத்தில் எண்ணெய்ச் சட்டிக்கு முன் இருந்த கவனம் போய்விட்டது என்பதில்தான்.

வான்கோழி எங்கள் பக்கம் எப்போது வந்தது? ஔவையின் பெயரால் வழங்கும் மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடும் வான்கோழி வருகிறது என்பதால் அது ஆதியிலிருந்தே நம்மிடம் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அதியமானுக்கும் ஔவைக்கும் சிலை வைத்திருக்கும் தகடூர்க்காரர்களுக்கு அப்படி நினைக்க இன்னும் ஆசை. ஆனால் இன்று நாம் வளர்க்கும் வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. போர்த்துகீசியர் கோவாவுக்குக் கொண்டுவந்த பிறகே இந்தியா அதைக் கண்டது. 1612இல் கோவாவிலிருந்து வந்த ஒன்றைப் பார்த்து வியந்த ஜஹாங்கீர், அதன் கழுத்து நிறம் மாறுவதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதி, ஓவியர் மன்சூரை வரையச் சொன்னார். அந்த ஓவியம் இன்று லண்டனில் இருக்கிறது. மூதுரை அதற்கு முந்தியது என்ற கணக்கு சரியானால், அதில் ஆடிய வான்கோழி வேறொரு பறவையாகத்தான் இருக்க வேண்டும்.

நான் முதலில் வான்கோழிக் கறி சாப்பிட்டது கோவிலூர்ப் பக்கத்துப் பள்ளித் தோழன் வீட்டில், ஒரு கிறிஸ்துமஸ் மதியம். அங்கும் குழம்புதான். பெரிய தேக்சாவில் இரண்டு மணி நேரம் கொதித்து, தெரு முழுக்கப் பந்தியில் பரிமாறப்பட்ட குழம்பு. அந்த நாளில் வான்கோழி வளர்த்தவர்களில் பாதிப்பேர் அதைப் பாம்புக் காவலுக்கு என்றே சொல்வார்கள். பிறகு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம் வான்கோழி 1, நந்தனம் வான்கோழி 2 என்ற இனங்களை உருவாக்கிக் குஞ்சுகளைக் கொடுக்கத் தொடங்கியதும் அது வருமானத்துக்கான பறவை ஆயிற்று. முட்டை பொரிய 28 நாள், கோழிக்கு 21. கீரையும் புல்லும் நன்றாகத் தின்னும் என்பதால் தீவனச் செலவு குறைவு. குண்டல்பட்டியில் இருக்கும் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் கற்றுக்கொண்டு வந்து வீட்டுக் கொல்லையில் இருபது முப்பது வளர்க்கும் பெண்களை எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அவர்கள் வீட்டு முன்னால் பைக்குகள் நிற்கும்.

அண்ணன் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்கே நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமை நன்றி சொல்லும் நாள். வீட்டுக்கு வீடு வான்கோழி. அடுப்புப் பெட்டிக்குள் சுடுவதே அங்கும் பழைய வழக்கம். முழுப் பறவையைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கும் பழக்கம் லூசியானாப் பக்கத்திலிருந்து கிளம்பி, வாசலில் வைக்கும் எரிவாயு அடுப்பு கடைகளில் மலிந்த பிறகு நாடு முழுக்கப் பரவியது. மூன்று நான்கு மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்துவிடும். தோல் மொறுமொறுப்பு, உள்ளே ஈரம். அதற்கு அவர்கள் விரும்பும் எண்ணெய் கடலை எண்ணெய் என்று அவன் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் மேட்டு நிலத்துப் பயிரின் பூர்வீகமும் வான்கோழியைப் போலவே அமெரிக்கக் கண்டம்தான். இரண்டும் ஒரே சட்டியில் சேர்கிற சாப்பாடு அது.

போன டிசம்பரில் ஊருக்கு வந்தவன், "சித்தப்பா, இந்த வருஷம் நம்ம வாசல்ல செஞ்சிடலாம்" என்றான். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் வான்கோழி வாங்கினோம். சுத்தம் செய்த பிறகு ஐந்தரைக் கிலோ. மரச்செக்கு எண்ணெயில்தான் பொரிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. தருமபுரியில் இப்போது மரச்செக்குக் கடைகள் மறுபடி வந்துவிட்டன. எனக்கும் அதில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் சுத்திகரிக்காத கடலை எண்ணெய் சுமார் 160 டிகிரியிலேயே புகையத் தொடங்கும். வான்கோழிக்கு எண்ணெய் 175 டிகிரியில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 வரை தாங்கும். ஆகவே பாக்கெட் எண்ணெய் பன்னிரண்டு லிட்டர் வாங்கினோம்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தி நாலு வயது. திண்ணையில் உட்கார்ந்து பாக்கெட்டுகளை எண்ணிவிட்டு, "ஒரு கோழிக்கு ஒரு டின் எண்ணெயாடா?" என்று கேட்டார். அன்று இரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செக்கில் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பன்னிரண்டு லிட்டருக்கு முப்பது கிலோ. ஓட்டோடு எடுத்தால் நாற்பது கிலோவுக்கு மேல். எங்கள் களத்தில் கட்டிய ஒரு மூட்டைக் கடலை, ஒரு பறவை மூழ்க. பரண் மேல் விதைக்கு ஏறிய அந்த ஒற்றை மூட்டை என் கண்முன் வந்து நின்றது.

மறுநாள் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். எண்ணெயைத் தேக்சாவில் கண் மதிப்பாக ஊற்றினோம். பறவை எவ்வளவு எண்ணெயை மேலே தள்ளும் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. வாட்டி, மஞ்சள் தண்ணீரில் கழுவிய வான்கோழியை வெளியே துடைத்தோம். வயிற்றுக் குழிக்குள் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்க்கவில்லை. கம்பியில் கட்டி இறக்கியதும் எண்ணெய் சீறிக்கொண்டு விளிம்புவரை ஏறியது. ஒரு ஓரமாக வழிந்த எண்ணெய் அடுப்பைத் தொட்டு, முழங்கால் உயரத்துக்குத் தீ எழுந்தது. பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் தண்ணீர்க் குடத்தை எடுக்க ஓடினான். திண்ணையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "தண்ணி ஊத்தாதே! அடுப்ப அணைச்சிட்டுத் தட்டப் போட்டு மூடு!" அண்ணன் மகன் சிலிண்டரை மூட, நான் தகரத் தட்டை எடுத்துத் தேக்சாமேல் கவிழ்த்தேன். தீ அடங்கியது. யாருக்கும் காயமில்லை. சுவரில் சாய்த்து வைத்த அந்தத் தட்டு எதற்கு என்ற கேள்விக்கு நாற்பத்தைந்து ஆண்டு கழித்து எனக்குப் பதில் கிடைத்தது.

இதில் புதிராக ஒன்றும் இல்லை. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். சூடான எண்ணெயின் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் இறங்கினால் அது எண்ணெயை மேலே தள்ளாமல் வேறென்ன செய்யும்? அமெரிக்காவில் பெரும்பாலும் உறைந்த பறவையால் இந்த விபத்து நேர்கிறது. பனி முழுதும் இளகாமல் எண்ணெயில் இறக்கிவிடுகிறார்கள். அங்கே வீட்டுச் சமையல் தீ விபத்துகள் ஆண்டிலேயே மிகுதியாக நடக்கும் நாள் அந்த நன்றி நாள்தான். தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இந்த எண்ணெய் அடுப்பே வேண்டாம் என்கிறது. நம் ஊரில் பறவை அன்றைக்கு அறுத்ததாக இருக்கும், பனி இருக்காது. நம்முடைய ஆபத்து மஞ்சள் தண்ணீர்க் குளியலில் இருக்கிறது.

எண்ணெய் ஆறிய பிறகு இரண்டு லிட்டரை எடுத்துவிட்டு, பறவையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்ளும் புறமும் வேட்டித் துணியால் ஒற்றி, ஒரு மணி நேரம் காற்றாட வைத்தோம். அம்மா நாற்காலியை அடுப்புக்குப் பத்தடி தள்ளிப் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டார். இந்த முறை எண்ணெய் சலசலத்தது, வழியவில்லை. கிலோவுக்கு எட்டு நிமிடம் என்று கணக்கு. தொடையின் நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். அதைத் தாண்டியதும் எடுத்தோம். தேன் நிறத்தில் இருந்தது. நெஞ்சுக்கறி பஞ்சு போல. தொடையும் காலும் ரப்பர். அமெரிக்கப் பறவை நாலைந்து மாதத்தில் சமையலுக்கு வந்துவிடும். நாங்கள் வாங்கியது கொல்லையில் ஒரு வருடம் ஓடித் திரிந்த சேவல். அதன் காலை இளக்க எண்ணெயால் ஆகாது. அம்மா அந்தக் கால்களைத் தனியே எடுத்து வைத்து, மறுநாள் குக்கரில் போட்டுக் குழம்பாக்கினார். களியோடு பத்தொன்பது பேர் சாப்பிட்டோம். என் தீர்ப்பைக் கேட்டால், அந்தக் குழம்புதான் முந்தின நாள் பொரியலைவிட ருசி.

மிஞ்சிய எண்ணெய் பத்து லிட்டருக்குக் குறையாது. அம்மாவின் காலத்தில் இது ஒரு பிரச்சினையே அல்ல. ஒரு சொட்டும் வீணாகவில்லை. இன்று பத்து லிட்டர் பொரித்த எண்ணெயை ஒரு வீடு என்ன செய்வது? வடிகட்டி மூன்று வீட்டுக்குப் பகிர்ந்தோம், ஒரு முறை மட்டும் பயன்படுத்தச் சொல்லி. மீண்டும் மீண்டும் காய்ந்த எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டமும் அதே ஆண்டு தொடங்கியது. அது பெரிய ஓட்டல்களின் வாசலுக்குப் போகிறது, எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஒவ்வொரு பேரூராட்சியிலும் வீட்டு எண்ணெயை வாங்கிக்கொள்ள ஒரு டிரம் வைத்தால் சாக்கடைக்குப் போவது பாதி குறையும். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் தெருச் சாக்கடையைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அவசரம் புரியும்.

முழுப் பறவையைப் பொரிக்கும் ஆசை இனி அடங்காது. வீடியோ பார்த்துச் செய்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செய்கிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். வீட்டுக்குள்ளும் கூரைக்கடியிலும் தகரப் பந்தலுக்குக் கீழும் செய்யாதீர்கள். முதலில் பாத்திரத்தில் பறவையை வைத்துத் தண்ணீர் ஊற்றி, அது மூழ்கும் அளவைப் பார்த்து, பறவையை எடுத்தபின் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போடுங்கள். எண்ணெய் அந்தக் கோட்டோடு நிற்கட்டும். பறவை இறங்கிய பிறகும் விளிம்புக்கு ஒரு சாண் மீதி இல்லையென்றால் பாத்திரம் சிறிது. பாத்திரத்தையும் பறவையின் வயிற்றையும் ஈரமில்லாமல் துடையுங்கள். இறக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு இறக்குங்கள். குழந்தைகளும் குடித்தவர்களும் பக்கத்தில் வேண்டாம். தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தண்ணீர்க் குடம் எட்டாத தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் பட்டுக் கொப்பளித்தால் பேனா மையோ பற்பசையோ மாவோ தடவாமல், இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள். தீக்கு 101.

வான்கோழி ஒரு வருடம் ஓடித் திரிந்ததாக இருந்தால் இத்தனையும் வேண்டாம், குழம்பு வையுங்கள். எங்கள் வீட்டில் வருகிற டிசம்பருக்குக் குழம்பு என்று முடிவாகிவிட்டது. அம்மா கணக்குப்படி அதற்கு எண்ணெய் இரண்டு குழிக்கரண்டி.